மேசையில் விட்டுப்போன புத்தகங்கள்

மயிலாப்பூர்
2 ஜூலை 2024
பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்

திருமதி மேகலா அவர்களுக்கு,

உங்களிடம் பதினோரு ஆண்டுகள் வாய் திறக்காமல் இருந்தேன். அது போதும்.

நேற்று வந்த சுற்றறிக்கைதான் காரணம். நமது அறக்கட்டளையின் ஆறு கிளை நூலகர்களுக்கும் தலைமைப் பண்புப் பயிற்சியாம். ஆறு சனிக்கிழமைகளாம். இடம் தி. நகர் தலைமையகம், இரண்டாம் மாடி. பயிற்றுநர்: மேகலா. என்னிடம் உதவி நூலகராகச் சேர்ந்து, தேதிச் சீட்டை எந்தப் பக்கத்தில் ஒட்டுவது என்று என்னைக் கேட்டுத் தெரிந்துகொண்ட அதே மேகலா, ஐம்பத்து மூன்று வயதான எனக்குத் தலைமை தாங்கக் கற்றுத் தரப் போகிறார்!

நான் வருவதற்கில்லை. ஏன் என்பது எழுத்தில் இருக்கட்டும்.

2013 மார்ச்சில் மயிலாப்பூர்க் கிளைக்கு நூல் கழிவுப் பட்டியல் தயாரித்தீர்கள். ஐந்து ஆண்டுகளாக யாரும் இரவல் வாங்காத நூல்களைக் கழிக்கலாம் என்பது விதி. கடைசிப் பக்கத்துத் தேதிச் சீட்டைப் பார்த்தீர்கள். சீட்டு வெறுமையாக இருந்தால் பட்டியலில் சேர்த்தீர்கள். உருது அலமாரி முழுதும் வெறுமை. முந்நூற்றுப் பன்னிரண்டு நூல்கள் எடைக்குப் போயின. அவற்றை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லைதான். ராயப்பேட்டையிலிருந்து தையற்காரர் மெஹபூப் அலியும் அவருடைய சகாக்களும் தினமும் காலையில் வந்து, மின்விசிறிக்குக் கீழே அந்த நீண்ட மேசையில் உட்கார்ந்து படித்துவிட்டு, மேசையிலேயே விட்டுப் போனார்கள். இது சீட்டுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

வாசிப்பில் இருந்த நூல்களைக் கழித்ததற்கான மெமோ எனக்கு வந்தது. பதவி உயர்வு உங்களுக்கு வந்தது. உருது பேசுகிற வீட்டில் பிறந்துவிட்டு உருது அலமாரியைப் பேப்பர் கடைக்குப் போட்டவன் என்று என் தெருவிலேயே எனக்குப் பெயர்.

அதையும் விழுங்கினேன். ஆனால் நேற்று மாலை பெசன்ட் நகர் கிளை ஜெனிதா உங்கள் பயிற்சிக் கையேட்டைக் காட்டினாள். ஒன்பதாம் பக்கம், 'மேசைக் கணக்கு'. மாலையில் மேசைகளில் கிடக்கும் நூல்களை அலமாரிக்குத் திருப்பும் முன் எண்ணி எழுதினால், இரவலில் தெரியாத வாசிப்பும் தெரியவரும். இது 2012இல் நான் தலைமையகத்துக்கு எழுதிய குறிப்பு. ஒரு சொல் மாறவில்லை. என் பெயர் மட்டும் இல்லை. தவறு நடந்த இடத்தில் என் பெயர். நல்லது செய்த இடத்தில் யார் பெயரும் இல்லை. நன்றாக இருக்கிறது நியாயம்.

எழுத்தில் பதில் தேவை.

ம. கலீமுல்லா, எம்.ஏ., எம்.எல்.ஐ.எஸ்., எம்.ஃபில்.,
கிளை நூலகர், முதல் நிலை, மயிலாப்பூர்


தி. நகர்
8 ஜூலை 2024

மதிப்பிற்குரிய கலீமுல்லா சார்,

அனுப்பியவர் பெயரைப் பார்த்ததும் ஒப்புகை அட்டையில் தவறான கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தபால்காரர், "ஏதாவது கெட்ட செய்தியாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். திட்டுவதற்காகவாவது எழுதினீர்களே. என் கைப்பேசி எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். அதனால் நானும் தபாலிலேயே எழுதுகிறேன்.

சுற்றறிக்கையில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். செப்டம்பர் 14 அன்று நிர்வாகக் குழு கூடுகிறது. ஆறு கிளைகளில் இரண்டை மூடப் போகிறார்கள். எவை என்பதை இரவல் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்வார்கள். மயிலாப்பூரில் ஒரு நாளைக்குப் பதினொன்று. மூடும் பட்டியலில் உங்கள் கிளைதான் முதலில் நிற்கிறது. அன்று நான் நூல்களுக்குச் செய்ததை இன்று ஒரு நூலகத்துக்கே செய்யப் போகிறார்கள்.

குழுவின் படிவத்தில் இரவலுக்குக் கட்டம் உண்டு; மேசைக்குக் கட்டம் இல்லை. பயிற்சியின் பகுதியாக ஓர் அறிக்கை குழுவுக்குப் போகும். தலைவர் சுப்பராமன் சார் அதை முழுதும் படிப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். திறந்திருக்கும் கதவு அது ஒன்றுதான். அதற்காகத்தான் இந்தப் பயிற்சியையே கேட்டு வாங்கினேன்.

ஒன்பதாம் பக்கம் உங்களுடையதுதான். பெயர் ஏன் இல்லை என்று இப்போது எழுதினால் சாக்குச் சொல்வது போல இருக்கும். கழிவுப் பட்டியலைத் தயாரித்தது நான், மறுக்கவில்லை. அதன் அடியில் இருந்த கையெழுத்து உங்களுடையது சார்.

முதல் வகுப்பு 20ஆம் தேதி காலை பத்து மணிக்கு. ஆறு நாற்காலிதான் போடப் போகிறேன். ஒன்று காலியாக இருந்தால் எல்லாருக்கும் தெரியும்.

மேகலா


மயிலாப்பூர்
21 ஜூலை 2024

திருமதி மேகலா,

வந்தேன். பார்த்திருப்பீர்கள். உங்களிடம் பேசவில்லை. அதையும் பார்த்திருப்பீர்கள். என் கிளைக்காக வந்தேன், உங்களுக்காக அல்ல.

ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் பாண்டி பஜாரில் நடக்கக்கூட முடியவில்லை. இரண்டு பெண்கள் தங்கள் பைகளை என் கையில் கொடுத்துவிட்டுக் கடைக்குள் போய்விட்டார்கள்; என்னைக் கடை ஊழியர் என்று நினைத்துவிட்டார்கள் போலும். அந்த நிலையில் மாடியேறி வந்தால், வளர்ந்த மனிதர்களை வட்டமாக நிற்க வைத்துப் பந்து எறியச் சொல்கிறீர்கள். பந்தைப் பிடித்தவர் தன் பலவீனம் ஒன்றைச் சொல்ல வேண்டுமாம். நான் வேண்டுமென்றே பந்தைக் கீழே விட்டேன்.

அடுத்து ஒரு கேள்வி. 'உங்கள் கிளையில் ஒருவரிடம் ஒரு வேலையைச் சொல்லிவிட்டு, பிறகு நீங்களே மறந்துபோனது உண்டா? எழுதுங்கள்.' நான் 'இல்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன். பக்கத்தில் ஜெனிதா எட்டிப் பார்த்து, "சார், ஒண்ணுகூடவா இல்ல? நான் மூணாவது பக்கம் போயிட்டேன்" என்றாள். முப்பது வயதுப் பெண், கிளையைக் கையில் எடுத்து எட்டு மாதம் ஆகிறது. மூன்று பக்கம் எழுதத் துணிச்சல் வேண்டும் என்று தோன்றியது. இதை அவளிடம் சொல்ல வேண்டாம்.

ஒன்பதாம் பக்கத்தை நீங்கள் விளக்கியபோது மற்ற ஐந்து பேரும் நிமிர்ந்து உட்கார்ந்ததை மறுக்க மாட்டேன். மந்தைவெளிக்காரர் அப்போதே தன் ஆளுக்குப் போன் போட்டு, "இன்னிக்கு மேசையைத் துடைக்காதே, நான் வர்ற வரைக்கும் ஒரு புஸ்தகத்தையும் தொடாதே!" என்று கத்தினார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய நாலு வரி ஒரு மனிதரைக் கத்த வைத்தது. பஸ்ஸில் திரும்பும்போது அதை நினைத்து லஸ் நிறுத்தத்தைத் தவற விட்டேன்.

அடுத்த வாரப் பயிற்சி, நாற்காலி மாற்றமாம். ஒரு நாள் முழுதும் நான் உதவியாளர் வேலை செய்ய வேண்டும். உதவியாளர் மரியசெல்வம் என் நாற்காலியில் உட்கார வேண்டும். இதனால் ஒரு பயனும் விளையாது என்று நிரூபிப்பதற்காகவே செய்யப் போகிறேன்.

ம. கலீமுல்லா, எம்.ஏ., எம்.எல்.ஐ.எஸ்.


தி. நகர்
24 ஜூலை 2024

கலீமுல்லா சார்,

நிரூபியுங்கள். விதிகளை மட்டும் நினைவூட்டுகிறேன். கதவைத் திறப்பதிலிருந்து பூட்டுவது வரை நாள் முழுதும் மாற்றம் நீடிக்க வேண்டும். நீங்கள் கட்டளை எதுவும் இடக் கூடாது. கண்ணாலும் கூடாது. உங்கள் கண் என்ன செய்யும் என்று நான்கு ஆண்டுகள் பார்த்தவள் நான். அவர் தினமும் செய்யும் ஒரு வேலையைக்கூட விடாமல் செய்ய வேண்டும். உங்களுக்குத் தெரியாத வேலை ஏதாவது இருந்தால் கேட்டுச் செய்ய வேண்டும்.

லஸ்ஸைத் தவற விட்டு எங்கே போய் இறங்கினீர்கள்?

மேகலா


மயிலாப்பூர்
31 ஜூலை 2024

மேகலா,

கடைசி நிறுத்தத்தில் இறங்கினேன். அது முக்கியமில்லை. நேற்று நடந்ததைக் கேள். ஒருமையில் எழுதிவிட்டேன், அடித்துத் திருத்த நேரமில்லை, இருக்கட்டும்.

காலை எட்டரைக்குக் கதவைத் திறந்தேன். மரியசெல்வம் என் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தான். நாற்பத்தெட்டு வயது, நொச்சிக்குப்பத்துக்காரன், பதினாறு ஆண்டுகளாக என்னிடம் வேலை பார்க்கிறான். அவன் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை.

"இன்னா சார் இது, என்னியப் போயி இங்க குந்த சொல்ற?"

"தலைமையக உத்தரவு. நீதான் இன்றைக்கு நூலகர்."

பத்து மணி வரைக்கும்தான் பயம். பதினொன்றுக்கு நாற்காலியில் சாய்ந்துவிட்டான். பன்னிரண்டுக்கு, "கலீமு, அந்தத் தள்ளுவண்டிய இப்டிக்கா எட்த்துகினு வா" என்றான். வாசகர்கள் அத்தனை பேரும் தலை தூக்கிப் பார்த்தார்கள். "சும்மா சொன்னேன் சார், கோச்சிக்காத" என்றான் உடனே. நான் கோபப்படவில்லை. விதி அப்படி. தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் சுற்றவே இல்லை. எப்போதிருந்து என்று கேட்டேன். "நாலு வருசமா. நாந்தான் தூக்கித் தூக்கித் தள்ளிகினு கீறேன்" என்றான். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. சொன்னால் நான் என்ன பதில் தந்திருப்பேன் என்று எனக்கே தெரியும்.

மாலை ஏழரை. கடைசி வாசகரும் போய்விட்டார். முழங்கால் இரண்டும் விண்விண் என்று தெறிக்க, சாவியை எடுத்தேன்.

"எங்க சார் கெளம்பிட்ட? நோட்டு எழுதணும்."

"என்ன நோட்டு?"

"இன்னா சார் இப்டி கேக்குற! நீ சொன்ன நோட்டுதான்."

மேகலா, தண்ணீர் ஃபில்டருக்குக் கீழே ஓர் அலமாரி இருக்கிறது, நினைவிருக்கிறதா? துடைப்பமும் பினாயிலும் இருக்கும் என்று நான் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. அவன் திறந்தான். உள்ளே பள்ளிக்கூட நோட்டுகள். நீள நோட்டு, கோடு போட்டது, பிரவுன் அட்டை போட்டது. இருபத்து மூன்று நோட்டுகள்! ஒவ்வொன்றின் அட்டையிலும் 'மேச கணக்கு, மரியசெல்வம்' என்று பேனாவில் எழுதியிருக்கிறது.

2013இல் கழிவு நூல்கள் வண்டியேறிய மறுநாள், ஆத்திரத்தில் அவனிடம் கத்தியிருக்கிறேன்: இனி மேசையில் கிடக்கும் ஒவ்வொரு புத்தகத்தையும் அலமாரிவாரியாக எண்ணி எழுது என்று. இரண்டு வாரம் பார்த்தேன். பிறகு மெமோ வந்தது. அதற்குப் பிறகு நான் எதையும் பார்க்கவில்லை. அவன் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறான்.

"பதினோரு வருஷமாகவா?"

"நிறுத்துனு நீ சொல்லவே இல்லியே சார்."

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கதை, வரலாறு, போட்டித் தேர்வு, சமையல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. ஐந்து ஐந்தாகக் கோடு போட்டு எண்ணியிருக்கிறான். கொரோனாவில் மூடியிருந்த நாட்களுக்கும் ஒரு வரி உண்டு: 'பூட்டு'. 2015 வெள்ளத்தில் 'தண்ணி. 4 பேர் வந்தாங்க. 9'. கடைசிப் பத்தி உருது. அதில் தினமும் ஒரு சுழி. அலமாரியே போன பிறகும், நான் சொன்ன பத்தியை அவன் விடவில்லை. 2013 ஜூனில் ஒரு பக்கத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறான்: 'அலி பாய் வந்தார். குந்தினார். போயிட்டார். உருது 0.' அதற்குப் பிறகு பாய் வந்ததாக எங்கும் இல்லை.

நேற்றைய கணக்கை நானே எண்ணினேன். எண்பத்தேழு. இரவல் ஒன்பது! கேட்கிறாயா, எண்பத்தேழு! நாங்கள் இறந்துபோன நூலகம் இல்லை. அதற்குச் சாட்சி இருக்கிறது, பதினோரு ஆண்டுச் சாட்சி, பினாயிலுக்குப் பக்கத்தில்!

உன் பந்து விளையாட்டுக் கேள்வித்தாளைத் திருப்பி அனுப்பு. 'இல்லை' என்று எழுதியதை மாற்ற வேண்டும்.

கலீமுல்லா


தி. நகர்
6 ஆகஸ்ட் 2024

சார்,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் நின்றுகொண்டே படித்தேன். 'நிறுத்துனு நீ சொல்லவே இல்லியே' என்ற இடத்தில் சத்தமாகக் கத்திவிட்டேன். கணக்குப் பிரிவிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். அவர்களுக்கும் படித்துக் காட்டினேன். கேள்வித்தாளைத் திருப்பித் தர முடியாது. அதைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்றிருக்கிறேன்.

அறிக்கையை நீங்களே எழுத வேண்டும் சார். வேறு யாராலும் முடியாது. இருபதாம் தேதிக்குள் தலைவர் கையில் இருக்க வேண்டும். ஆனால் அதற்கு முன் இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும்.

ஒன்று. 2013இல் பட்டியல் எழுதிய அன்று காலை நான் நீண்ட மேசையைப் பார்த்தேன். மெஹபூப் அலி ஐயா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பிரித்த புத்தகத்தின் மேல் விரலை வைத்திருந்தார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. உங்களிடம் கேட்டிருக்கலாம். கேள்வி கேட்டால் 'விதியைப் படித்துவிட்டு வா' என்பீர்கள். பயந்துகொண்டு விதியையே எழுதிவிட்டேன். பதவி உயர்வு வந்தபோதும் அதைச் சொல்லவில்லை. தவறு என்னுடையது. மெமோ எனக்கு வந்திருக்க வேண்டும்.

இரண்டு. கையேட்டின் வரைவில் ஒன்பதாம் பக்கத்தில் உங்கள் பெயர் இருந்தது. சுப்பராமன் சார் சிவப்பு மையில் அடித்தார். அந்தப் பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அந்த மனுஷர் பேர் இருக்கற பேப்பர் எதையும் என்கிட்ட கொண்டு வராதேம்மா. மெமோவை ரத்து பண்ணுன்னு இதுவரைக்கும் பத்தொம்போது பெட்டிஷன் போட்டுட்டார். பட்டத்தையெல்லாம் போட்டு நீட்டமா ஒரு கையெழுத்து. அதைப் பார்த்தாலே எனக்கு பி.பி. ஏறிடறது. நேரா ஃபைலுக்கு அனுப்பிடறேன்."

நான் கேட்கப் போவது உங்களுக்குப் புரிந்திருக்கும். அறிக்கை உங்கள் கையெழுத்தோடு போனால் முதல் பக்கத்திலேயே நின்றுவிடும். 'பயிற்சியில் பங்கேற்றவர்கள்' என்ற தலைப்போடு, யார் கையெழுத்தும் இல்லாமல் போனால், அவர் படிப்பார். படித்தால் மூட மாட்டார். கணக்கை மதிக்கிற மனிதர்தான்.

இதைக் கேட்க எனக்கு வாய் கூசுகிறது. ஏற்கெனவே ஒரு முறை உங்கள் பெயர் இல்லாமல் உங்கள் எழுத்தை அச்சடித்தவள் நான். கையெழுத்தோடுதான் போக வேண்டும் என்று நீங்கள் சொன்னால், அதற்கு அடியில் நானும் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். என்ன வந்தாலும் சரி. முடிவு உங்களுடையது.

மேகலா


மயிலாப்பூர்
12 ஆகஸ்ட் 2024

மேகலா,

உன் கடிதத்தை முதல் நாள் கசக்கிக் கூடையில் போட்டேன். இரண்டாம் நாள் எடுத்து நீவினேன். மூன்றாம் நாள் உன்னைத் திட்டி நாலு பக்கம் எழுதினேன். பிறகு அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்தேன். கோட்டுக்குக் கீழே என் பெயர் பட்டங்களோடு ஒன்றரை வரி. வரைவில் நீ அவ்வளவையும் தட்டச்சு செய்திருந்தாய். ஒன்றைக்கூட விடவில்லை.

மொட்டைக் கடிதம் எழுதுகிறவர்களை நான் மனிதராகவே மதித்ததில்லை. என் பெயரைப் போடாதே என்று என்னிடமே கேட்கிறாய். பதினோரு ஆண்டுகளாக நான் கேட்டது அந்த ஒன்றைத்தானே, என் பெயரைச் சரியான இடத்தில் போடுங்கள் என்று?

இந்தக் கேள்வியோடு ஞாயிற்றுக்கிழமை கிளைக்குப் போனேன். விடுமுறை நாள். ஆனால் மரியசெல்வமும் ஜெனிதாவும் நீண்ட மேசையில் நோட்டுகளைப் பரப்பி எனக்காகக் காத்திருந்தார்கள். அவன் வாசிக்க வாசிக்க, அவள் கணினியில் ஏற்றினாள், நான் சரிபார்த்தேன். மதியம் அவன் வீட்டிலிருந்து வஞ்சிரம் வறுவல் வந்தது. நூலகத்தில் சாப்பிடக் கூடாது என்ற பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து சாப்பிட்டோம். மாலை ஆறு மணிக்கு ஜெனிதா மொத்தத்தைத் தட்டினாள். இரண்டு லட்சத்து நாற்பத்தோராயிரத்து அறுநூற்று எட்டு! மூன்று பேரும் எழுந்து நின்றுவிட்டோம்.

"அவ்ளோவா சார்?" என்றான். "கைதான் வலிச்சிகினு இருந்துது. இவ்ளோ இருக்கும்னு நெனைக்கல."

மற்ற ஐந்து கிளைகளின் மூன்று வாரக் கணக்கையும் ஜெனிதா திரட்டியிருந்தாள். ஆறு கிளையிலும் இதே கதைதான். மேசை நிறைய வாசிப்பு, சீட்டில் ஒன்றுமில்லை.

இப்போது நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. பத்தொன்பது மனுக்களிலும் நான் எழுதாதது. 2013இல் நீ பட்டியலை என் மேசையில் வைத்தது அறுபத்து மூவர் விழா நாளில். நான்கு மாட வீதிகளையும் அடைத்துவிடுவார்கள், அதற்குள் வண்டியை வெளியே எடுத்துவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு. பதினான்கு பக்கம். ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை. கடைசிப் பக்கத்தை மட்டும் எடுத்து, பட்டம் அத்தனையும் போட்டு, அழகாகக் கையெழுத்திட்டேன். நீ பயந்துகொண்டு கேட்கவில்லை. நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அந்த மெமோ எனக்கு வந்தது சரிதான். இதை எழுதுவதற்குப் பதினோரு ஆண்டுகளும் இருபத்து மூன்று நோட்டுகளும் தேவைப்பட்டிருக்கின்றன.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ராயப்பேட்டைக்குப் போய் மெஹபூப் அலியைத் தேடப் போகிறேன். அவர் கிடைத்தால், எந்த நூல்கள் முதலில் வேண்டும் என்று கேட்டு எழுதி வருவேன். கடைசிப் பத்தியில் சுழி போட்டுப் போட்டு மரியசெல்வத்துக்கு அலுத்துவிட்டதாம்.

அறிக்கை முடிந்துவிட்டது. பன்னிரண்டு பக்கம். மேசைக்கு ஒரு கட்டம் வேண்டும் என்ற கோரிக்கையில் தொடங்கி, மொத்த எண்ணிக்கையில் முடிகிறது. என் கையெழுத்து அடையாளம் தெரியக் கூடாது என்று ஜெனிதா தட்டச்சு செய்தாள். ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். ஒரே ஒரு நிபந்தனை. நோட்டு அட்டைகளின் படங்களைப் பின்னிணைப்பில் சேர்த்திருக்கிறேன். அவற்றின் மேல் இருக்கும் பெயரைச் சிவப்பு மை தொடக் கூடாது. அதை நீ பார்த்துக்கொள். மூடினாலும் மூடாவிட்டாலும், எண்ணியவன் யார் என்பது குழுவுக்குத் தெரிய வேண்டும்.

உன்னைத் திட்டிய நாலு பக்கத்தைக் கிழித்துவிட்டேன். நல்ல வரிகள் சில இருந்தன.

கச்சேரி ரோடு தபால் நிலையம் திறக்க இன்னும் கால் மணி நேரம். அறிக்கை இருக்கும் உறையை ஒட்டாமல் வைத்துக்கொண்டு வாசலில் நின்றபடியே இதை எழுதுகிறேன். கடைசிப் பக்கத்தின் அடியில் நான்கு விரல் இடம் காலியாக இருக்கிறது. பேனா கையில்தான் இருக்கிறது. பட்டங்களைச் சுருக்கினால் தாராளமாக அடங்கும். மரியசெல்வம் பக்கத்தில் நின்று, "இன்னா சார், இன்னும் இன்னாத்த பாத்துகினு கீற? ஒட்டு" என்கிறான்.

ஒட்டிவிட்டேன். அறிக்கை கையெழுத்து இல்லாமல்தான் போகிறது. இந்தக் கடிதமும் அப்படியே.